காடு நேர்கோட்டில வளராது

இல்லை சேர், எடுக்கத் தெரியாமல் இல்லை. எடுக்கமாட்டன் எண்டு தான் சொன்னனான். நீங்கள் முதல் இருங்கோ. அந்தக் கதிரை ஆடும், மற்றதில இருங்கோ. வெயிலுக்குள்ளால வந்திருக்கிறியள், தேசிக்காய்த் தண்ணி கரைக்கச் சொல்லிக் கிடக்கு, இப்ப வரும். மயில்வாகனம் அண்ணையோ? அவர் ரீக்கடைப் பக்கம் போட்டார். தவராசா சேர் வாறாராம் எண்டு உங்கட பேரைக் கேள்விப்பட்டுத் தான் போனவர், அதை ஏன் ஒளிப்பான். ஸ்ரூடியோ அவற்ற, பேச்சு வாங்கிறதுக்கு நான். கலியாண வீடியோவில மாப்பிள்ளையின்ர தலை வெட்டுப்பட்டாலும் என்னைத் தான் முன்னுக்கு விடுறவர். பழகிப் போச்சுது.

ஓம், நாளைக்குக் காசு தாற வெள்ளைக்காரர் வருகினம், உங்கட வீட்டுத்திட்டப் படத்தை மண்டபத்தில பெரிய திரையில போடப்போறியள். எல்லாம் தெரியும். நேரம் இல்லை எண்டும் தெரியும். திரும்ப ஒருக்கா ஓடவிடுறன், பாருங்கோ. கொஞ்சம் ஆறுதலாத் தான் ஓடும். கொம்பியூட்டர் பாவம், நான் அதுக்குள்ள நட்ட இவ்வளவு புல்லையும் சுமக்குதெல்லோ.

இந்தா, மேலயிருந்து வருது. தண்ணீரூற்றுக்கு அங்கால திரும்புற றோட்டு. பாலை மரம், வீரை மரம். இப்ப கீழ இறங்குது. புல்லுக்குள்ளால போகுது. காத்துக்கு ஆடுது, கண்டியளோ? அடியில கொஞ்சம் பச்சை, நுனியெல்லாம் காய்ஞ்சு வைக்கோல் நிறம். இதில உங்களுக்கு ஒரு குறையும் இல்லைத்தானே. பிறகு வீடுகள் எழும்புது, ஓடு, யன்னல், சுனாமியில வீடிழந்த சனம் குடிவருது. அதிலயும் குறை இல்லை. குறை இஞ்ச தான். நிப்பாட்டுறன். இந்தப் பத்தை, அந்த வரிசை மரம், உந்தக் கல்லு. உதுகளைத் தூக்கி எறிஞ்சிட்டு வெறும் பச்சைப் புல்லை விரிச்சு விடு பிள்ளை எண்டுறியள்.

பச்சைப் புல்லோ சேர்? நாங்கள் இதைப் படமெடுத்தது ஆவணியில. ஆவணி மாசம் வன்னியில மாடு பச்சைப் புல்லைக் கனவில தான் காணும்.

முதல் நான் உங்களுக்குப் பச்சை தானே விரிச்சுக் காட்டினனான், மறந்து போனியளோ? புறோக்கிராமோட வந்த புல்லு. ஏதோ குளிர் நாட்டுப் புல்லு, கிறிக்கெற் விளையாடலாம், அப்பிடி ஒரு வடிவு. நீங்கள் பாத்திட்டு, என்ன பிள்ளை, புல்லெல்லாம் ஒரே பக்கம் பாத்துக்கொண்டு நிக்குது, சல்யூட் அடிக்குதோ எண்டு கேட்டியள். சரியாத் தான் கேட்டியள். அதில எனக்குக் கோவம் இல்லை. நான் ஒரு கத்தை புல்லைச் செய்து அதையே ஆயிரம் தரம் ஒட்டிவிட்டனான், ஒண்டையும் திருப்பேல்லை. பேந்து தான் விளங்கினது. ஒண்டைத் திருப்போணும், ஒண்டைச் சாய்க்கோணும், ஒண்டு மாடு கடிச்ச மாதிரி நுனி இல்லாமல் நிக்கோணும். புல்லெண்டால் அப்பிடித் தான். சொல்லிவைச்ச மாதிரி ஒண்டும் நிக்காது.

அப்ப உண்மையா இருக்கோணும் எண்டு சொன்னது ஆர்? நானோ? நீங்கள் தான். காசு தாறவங்கள் அந்தப் பக்கமெல்லாம் போய் வந்தவங்கள் பிள்ளை, பொய்ப் புல்லைக் காட்டினால் சிரிப்பாங்கள், அந்தக் காணியில என்ன நிக்குதோ அது இலைக்கு இலை நிக்கோணும் எண்டு, இந்தக் கதிரையில, இல்லை, அந்த ஆடுற கதிரையில இருந்து சொன்னியள். அதுக்குத் தானே என்னை உங்கட வாகனத்தில அந்தக் காணிக்கு ஏத்திக்கொண்டு போனியள். ஓமந்தைச் சோதனைச் சாவடியில இறக்கி, ஏத்தி, பேந்தும் இறக்கி, என்ர பையைக் கொட்டிப் பாத்தாங்கள். உள்ளுக்க ஒரு வெள்ளை பெட்சீற். இதென்னத்துக்கு எண்டு கேட்ட பெடியனிட்ட இலைக்குப் பின்னால பிடிக்க எண்டு சொன்னன். அவன் என்னை விசர் எண்டு தான் நினைச்சிருப்பான்.

ஓம், அது தானே வேலை. செடிக்குப் பின்னால வெள்ளைத் துணியைப் பிடிச்சுப் படமெடுக்கிறது. இஞ்ச வந்து இலையின்ர விளிம்பால வெட்டுறது. வெட்டினதை மட்டை மாதிரி ரெண்டாக் குறுக்க வைச்சு நிறுத்தினால் எந்தப் பக்கத்தால பாத்தாலும் செடி. ஒரு முருங்கைக் கொப்பு வெட்டி முடிக்கேக்க கண் ரெண்டும் பூத்துப் போகும். முருங்கையிலை எவ்வளவு சின்னன் எண்டு கறி சமைக்கிற ஆக்களுக்குத் தெரியும்.

என்ர கையோ? காயம் இல்லை சேர், மருதோண்டி. சீ, கலியாணம் ஒண்டும் இல்லை, அதுக்கு நீங்கள் எங்க நேரம் தாறியள். அது வேற கதை, விடுங்கோ.

இந்தா வருது தண்ணி. சேர் இருங்கோ, தண்ணி கொண்டு வாறவாவுக்குத் தான் சொல்லுறன். உள்ளுக்க வராதேங்கோ, திரைச்சீலைக்கு அங்கால நில்லுங்கோ, நான் வந்து எடுக்கிறன். கால் ஏலாமல் ஏன் நிக்கிறியள், போய் வாங்கில இருங்கோ. இந்தாங்கோ சேர். சீனி காணுமோ? அவாவோ? எங்கட ஆள் தான், நேற்று வந்தவா. குடியுங்கோ.

தேசிக்காய் எண்டவுடன ஞாபகம் வருது. அண்டைக்கு அந்தக் காணியில நான் வெயிலுக்குள்ள பெட்சீற்றோட நிக்கேக்க நீங்கள் எங்க இருந்தியள்? நல்லா யோசியுங்கோ. ஒரு மரத்துக்குக் கீழ. ட்ரைவர் தம்பி கொப்பை வளைச்சுப் பிடிக்க, நீங்கள் சேட்டு நுனியை ஏந்திக்கொண்டு நிண்டியள். ஒரு பை தேசிக்காய். அடுத்த கிழமை வந்து, வீட்டில ஊறுகாய் போட்டாச்சு பிள்ளை, என்ன வாசம், என்ன சாறு எண்டும் சொன்னியள். இப்ப கேக்கிறன். அது காடு எண்டால் அந்தத் தேசியை நட்டது குரங்கோ?

காட்டுத் தேசியோ. காட்டில நிக்கிறது குருந்து சேர். குருந்தங்காயில ஆரும் ஊறுகாய் போட்டுக் கேள்விப்பட்டியளோ?

இல்லை, நான் பகிடி பண்ணேல்லை. கோவம் தான் வருது, ஆனால் பகிடியாக் கதைச்சால் நீங்கள் எழும்பிப் போகமாட்டியள் எண்டு தான் இப்பிடிக் கதைக்கிறன்.

சரி, நான் வேலையைக் கொண்டு விளங்கப்படுத்துறன். இந்த புறோக்கிராமில ஒரு தூரிகை கிடக்கு. செடியைக் காட்டிவிட்டுத் தேய்ச்சுக்கொண்டு போனால் அது தன்ரபாட்டில தூவும். விதைக்கிற மாதிரி. எழுந்தமானம். ஒண்டு கிட்ட விழும், ஒண்டு தூர விழும். காட்டுக்கு அது போதும், காடும் அப்பிடித் தானே வளருது, குருவி எச்சம் போட்ட இடத்தில ஒண்டு, தண்ணி கொண்டுபோன இடத்தில ஒண்டு. வீரையைத் தூவினன், சரியா வந்தது. நாயுருவியைத் தூவினன், சரியா வந்தது. கிளுவையைத் தூவினன், வரேல்லை. என்ன செய்தாலும் நான் எடுத்த படம் மாதிரி வரேல்லை. அடுத்தநாள் படங்களை நிலத்தில பரப்பிவைச்சு, இலையை விட்டிட்டு மரம் நிக்கிற இடத்தைப் பாத்தன். ஒரே கோட்டில நிக்குது. நேரா வந்து, ஒரு மூலையில திரும்பி, பேந்தும் நேரா. நடுவில ஒரு வண்டில் போற அளவுக்கு ஒரு இடைவெளி.

காடு நேர்கோட்டில வளராது சேர். நேர்கோட்டில நிக்கிறதெண்டால் அது வேலி. ஆரோ கிளுவைத் தடியைக் கதியாலா ஊண்டினவன். கதியாலை வெட்டுறதுக்கு ஆள் இல்லாமல் போக அது மரமாப் போச்சுது. அந்த இடைவெளி தான் படலை.

ஓம், அண்டைக்கு நீங்கள் காணேல்லை எண்டு தெரியும். உங்களில பிழை சொல்லேல்லை. கண்ணிவெடி எடுக்கிற ஆக்கள் கட்டின நாடாவுக்குள்ளால தானே நடந்தனாங்கள், எல்லாருக்கும் கண் காலடியில. எனக்கும் தான். ஆனால் வெட்டி ஒட்டுறவளுக்குப் பாராமல் இருக்கேலாது. படலைக்கு உள்ளுக்குப் போனால் முருங்கை. அங்கால தேசி. கிணத்துக் கட்டு இடிஞ்சு கிடக்கு, அந்த ஈரத்தில ரம்பை. ரம்பை சேர், உங்கட வீட்டில இறைச்சிக் கறிக்குப் போடுறதில்லையோ? கிணத்தடியில மருதோண்டி. ரம்பையும் மருதோண்டியும் கிணத்தடியில நிண்டால் அது ஆற்ற வளவு எண்டு இந்தப் பக்கத்துச் சின்னப் பிள்ளையும் சொல்லும். நீங்களும் இந்தப் பக்கத்து ஆள் தானே. தொண்ணூறில இந்தப் பக்கத்து முஸ்லிம் சனம் ஏன் வெளிக்கிட்டது எண்டு நான் உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

அதால தான் அதுகளை நான் தூவேல்லை. ஒவ்வொண்டா, கையால வைச்சனான். இந்த மரம் இந்த இடத்தில, இந்தக் கொப்பு இந்தப் பக்கம். கண்ட மாதிரி. இலைக்கு இலை எண்டு நீங்கள் தானே கேட்டனீங்கள், இந்தாங்கோ இலைக்கு இலை.

உந்தக் கல்லோ? அது கல்லில்லை, வடிவாப் பாருங்கோ, கிட்டக் கொண்டு வாறன். ஆட்டுக்கல்லு. அடி உடைஞ்ச ஆட்டுக்கல்லு. அதின்ர குழிக்குள்ளால தான் மருதோண்டி முளைச்சு நிக்குது. நான் கற்பனையில வைக்கேல்லை. அண்டைக்கு அதுக்குப் பக்கத்தில குந்தினனான், நீங்கள் அங்கயிருந்து பாம்போ பிள்ளை எண்டு கத்தினியள். இல்லை எண்டு சொன்னனான். சொல்லிப்போட்டு அந்த மருதோண்டியில ஒரு பை இலை ஆய்ஞ்சனான்.

இப்ப நீங்கள் படத்தில என்ன சொல்லுறியள்? நாளைக்கு அந்தக் குரல் என்ன சொல்லப்போகுது? மல்லாவியால வந்த அந்த ரீச்சர் இஞ்ச இருந்து தான் வாசிச்சவா, எனக்கு மனப்பாடம். நெடுங்காலமாய் ஆட்கள் எவரும் வாழ்ந்திராத காட்டுக்காணி. இது தான் வசனம். அதை வாசிக்கேக்க திரையில ரம்பையும் மருதோண்டியும் நிண்டால் வசனம் பொய்யாப் போகும். அதால செடியை எடு எண்டுறியள். வசனத்தை மாத்துறதிலும் பாக்கச் செடியை எடுக்கிறது சுகம். முழுப் பூசணிக்காயைச் சோத்துக்குள்ள மறைக்கச் சொல்லுறியள், அதுக்குச் சோறாக்கிறது நான்.

பொறுங்கோ, பொறுங்கோ. அதை மட்டும் சொல்லாதேங்கோ. சுனாமிச் சனத்துக்கு வீடு கிடைக்கக் கூடாதெண்டு நான் நிக்கிறன் எண்டு மட்டும் சொல்லாதேங்கோ. மயில்வாகனம் அண்ணையின்ர தங்கச்சி சிவனேஸ்வரி அக்கா முல்லைத்தீவுக் கரையில இருந்தவா. ரெண்டு பிள்ளையளைக் கடல் கொண்டுபோச்சுது. இப்பவும் கூடாரத்துக்குள்ள தான். மழைக்குள்ள அங்க போய் நிண்டு பாத்தால் தெரியும். அவாவுக்கு வீடு வேணும், நாளைக்கே வேணும். அவா என்னைக் கட்டிப் பிடிச்சு அழுதவா, நானும் அழுதனான். வீடில்லாமல் இருக்கிறதெண்டால் என்னெண்டு எனக்கு ஒருத்தரும் படிப்பிக்கத் தேவையில்லை.

நான் கேக்கிறது ஒண்டே ஒண்டு. வீட்டைக் கட்டுங்கோ. கட்ட முதல் அந்தக் காணிக்காரரைக் கேளுங்கோ. இந்த இடத்தில ஆக்கள் இருந்தவை எண்டு நாளைக்கு அந்த வெள்ளைக்காரருக்குத் தெரியட்டும். தெரிஞ்சால் கேப்பினம், அந்த ஆக்கள் இப்ப எங்க எண்டு. கேக்கட்டும். அவ்வளவு தான்.

காணிக்காரர் திரும்பி வரமாட்டினமோ? ஆர் சொன்னது? புத்தளத்தில நல்லா இருக்கினமோ? உப்பளத்துக் காத்துக்க ஓலைக் கொட்டில் சேர். மழைக்கு ஓலை ஒழுகும், வெயிலுக்கு மணல் கொதிக்கும். கிணத்துத் தண்ணி வாயில வைக்க ஏலாது, உப்பு. எனக்கு எப்பிடித் தெரியுமோ? நான் படிச்சதே அங்க தான். இந்தக் கொம்பியூட்டரையும் அங்க ஒரு நிறுவனம் கொண்டுவந்து வைச்ச கொட்டிலுக்குள்ள தான் பழகினனான். அங்க இருக்கிற சனம் இண்டைக்கும் ஊர் எண்டு சொல்லேக்க புத்தளத்தைச் சொல்லுறதில்லை. அகதி முகாமில பிறந்த குஞ்சு குருமானும் எந்த ஊர் எண்டு கேட்டால் தண்ணீரூற்று எண்டு தான் சொல்லும், கண்ணாலயும் கண்டிருக்காது.

காணி உறுதிப் பத்திரமோ. நல்ல கேள்வி கேட்டியள். வெளிக்கிட்ட அண்டைக்கு உறுதி, நகை, தையல் மெசின் எல்லாம் விட்டிட்டுத் தான் போனது. உடுத்த உடுப்போட. அப்ப உறுதிக்கு எங்க போறது? வீட்டைக் கேட்டால் இடிஞ்சு போச்சுது, ஓடு கழட்டுப்பட்டுப் போச்சுது, சுவர்க் கல்லும் போச்சுது. ஒருத்தரும் களவெடுக்காமல் விட்டது இந்தச் செடியைத் தான். அதையும் இப்ப என்ர கையால அழி எண்டுறியள்.

கிளிநொச்சியில வேற ஸ்ரூடியோ இருக்குத் தான். குடுங்கோ. தாராளமாக் குடுங்கோ. அவங்கள் செய்வாங்கள். ஆனால் விடியமுதல் செய்யமாட்டாங்கள். இவ்வளவு புல்லையும் ஒருக்காப் படமாக்கி வெளியில எடுக்கவே ஒரு ராத்திரி முழுக்க ஓடும், கரண்ட் நிண்டால் திரும்ப முதலிலயிருந்து. அது உங்களுக்கும் தெரியும், அதால தான் இன்னும் எழும்பிப் போகாமல் இருக்கிறியள். என்னை வேலையால நிப்பாட்டச் சொல்லி மயில்வாகனம் அண்ணையிட்டச் சொல்லலாம். சொல்லுங்கோ. அவர் ஓம் எண்டு தலையாட்டிப்போட்டு, நாளைக்கு வா பிள்ளை, ஒரு பூப்புனித வீடியோ கிடக்கு எண்டுவார்.

உங்களுக்கு மேல ஆக்கள் இருக்கினம். விளங்குது. நீங்கள் கெட்டவர் எண்டு நான் நினைக்கேல்லை. வானில வரேக்க முன் சீற்றை எனக்குத் தந்திட்டுப் பின்னுக்கு இருந்தியள், சாப்பாட்டுக்கு ஹலால் கடையாப் பாத்து நிப்பாட்டினியள். இவ்வளவு பாக்கிற ஆள் ஒரு கேள்வி மட்டும் கேக்கேல்லை. இவ்வளவு நாளும் பிள்ளை, பிள்ளை எண்டு கூப்பிட்டியள், இந்தப் பிள்ளை எந்த ஊர் எண்டு கேக்கேல்லை.

சரி, ஒரு வழி சொல்லுறன். நான் எடுக்கமாட்டன். அது மாறாது. ஆனால் மவுஸ் இந்தாக் கிடக்கு, பிடியுங்கோ. இதில அமத்தினால் மருதோண்டி போகும். இதில அமத்தினால் கிளுவை முழுக்க ஒரேயடியாப் போகும். ஆட்டுக்கல்லுக்கு இது. கஷ்டம் ஒண்டும் இல்லை. நீங்களே எடுக்கலாம், நான் கையைப் பிடிக்கமாட்டன்.

ஒரு நிமிசம். எடுக்க முதல் ஒரு ஆள் பாக்கோணும். உங்களுக்குத் தேசிக்காய்த் தண்ணி கரைச்சுத் தந்தவா. நேற்றுப் புத்தளத்தால பஸ் ஏறி, இந்தக் காலோட, நிண்டு நிண்டு வந்து சேந்தவா. ஏன் வரச்சொன்னனான் எண்டு இன்னும் தெரியாது அவாவுக்கு. ராத்திரி நான் ஒரு பை காய்ஞ்ச மருதோண்டி இலை எடுத்துக் குடுத்தன், அரைச்சு என்ர கையில வைச்சுவிட்டவா. கடையில வாங்கினதோ, நல்லாச் சிவக்குது எண்டா. 

அந்த ஆட்டுக்கல்லு அவாட சேர். கலியாணம் முடிச்சு வரேக்க கொண்டு வந்தது. அடி உடைஞ்ச பிறகும் எறிய மனமில்லாமல் கிணத்தடியில போட்டு வைச்சிருந்தவா. எனக்கு முனவ்வறா எண்டு பேர் வைச்ச அண்டைக்கு எங்கட வாப்பா அதுக்குள்ள ஒரு மருதோண்டித் தடி நட்டவர், கோழி கிளறாமல் இருக்க. மகள் பெரிசாகக் கைக்கு வைக்கலாமெண்டு. வாப்பா இப்ப இல்லை, புத்தளத்து மண்ணில தான் கிடக்கிறார். உம்மாவை அங்க கூட்டிக்கொண்டு போகவும் ஏலாது, வெடி எடுத்து முடியுமட்டும் உங்கட ஆக்களைத் தவிர ஒருத்தரையும் உள்ளுக்க விடமாட்டினம். அதால இஞ்ச தான் காட்டலாம். இதில தான்.

அவா பாத்து முடியட்டும். அதுக்குப் பிறகு எடுக்கிறதெண்டால் எடுங்கோ. அவா இருக்கேக்கயே எடுங்கோ.

உம்மா, உள்ளுக்க வாங்கோ. ஓம், இப்ப வரலாம். படி இருக்கு, மெதுவா. சேர், நீங்கள் கொஞ்சம் அங்கால தள்ளி இருங்கோ, அவாவுக்குத் தெரியட்டும். மவுஸை நீங்களே வைச்சிருங்கோ, பரவாயில்லை. இஞ்ச இருங்கோ உம்மா. கண்ணாடியைப் போடுங்கோ. இந்தா, றோட்டால வாறம். இது எங்கட கிளுவை. இப்ப படலையால உள்ளுக்குப் போறம்.